காளை வாங்கலாமா? எந்த மந்தைக்கு?

கேள்வி: குறிஞ்சிப்பாடிக்கு அருகே எங்கள் ஊர். வீட்டுக் கொட்டகையில் 11 ஜெர்சி கலப்பினக் கறவைகள் இருக்கின்றன. இது தவிர, அண்ணனும் நானும் பங்காக 38 நாட்டுப் பசுக்களைக் கிடை மாடாக வைத்திருக்கிறோம். அறுவடை முடிந்ததும் சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில் பக்கம் வயல்களில், எருவுக்காக இரவில் மாடுகளை அடைத்துக் கிடை போடுவோம். கறவைகளுக்கு ஒரு சினை ஊசிக்கு (செயற்கைக் கருவூட்டல்) 400 ரூபாய் ஆகிறது. ஒரு மாட்டுக்கு நான்கு ஊசி போட்டால்தான் சினை நிற்கிறது. வெறுத்துப்போய் 72,000 ரூபாய்க்கு ஒரு ஜெர்சி கலப்பினக் காளையைப் பேசி, 5,000 முன்பணமும் கொடுத்துவிட்டேன். அக்கம்பக்கத்து மாடுகளுக்கும் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு விட்டால் தீனிச் செலவு வந்துவிடும் என்று நினைக்கிறேன். கிடைக்கு, மதகடிப்பட்டுச் சந்தையில் 28,000 ரூபாய்க்கு ஒரு நாட்டுக்காளை பார்த்தேன். திருத்துறைப்பூண்டி பக்கம் உம்பளாச்சேரிக் காளை ஒன்றுக்கு 45,000 சொல்கிறார்கள். அது அதிகமாகப் படுகிறது. கிடையிலேயே பிறந்த காளைகள் மூன்று இருக்கும்போது காசு கொடுத்து வாங்குவானேன் என்கிறார் அண்ணன். ஆனால் கன்றுகள் வரவர இளைத்துப் பிறக்கின்றன. எந்தக் காளை விலைக்குத் தகும்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேட்டதற்கு முதலில் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். 72,000 ரூபாய்க் காளையை வாங்காதீர்கள். 45,000 ரூபாய்க் காளையை, நான் கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால், தயங்காமல் வாங்குங்கள். பணத்தைத் துணிந்து போட நினைக்கிற இடத்தில் அது வீணாகப் போகிறது. கை இழுக்கிற இடத்தில்தான் அது கன்றாகத் திரும்பி வரும். காரணத்தை உங்கள் எண்களைக் கொண்டே விளக்குகிறேன்.

காளையின் விலை என்பது சந்தையில் கைமாறுகிற தொகை மட்டும் அல்ல. அது உங்கள் கொட்டகையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் தின்கிறது. கட்டுத்தறியில் நிற்கும் 400 கிலோ கலப்பினக் காளைக்குப் பசுந்தீவனம், வைக்கோல், இரண்டு கிலோவுக்குக் குறையாத அடர்தீவனம் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 180 ரூபாய் என்று வைப்போம். ஆண்டுக்கு 65,700. மூன்று ஆண்டு வைத்திருந்து 35,000 ரூபாய்க்கு விற்றால், விலையில் இழப்பு 37,000, ஆண்டுக்கு 12,333. முடங்கிய பணத்துக்கு 12 விழுக்காடு வட்டி 8,640. மருந்து, கயிறு, கொட்டகைப் பழுது என்று 4,000. மொத்தம் ஆண்டுக்கு ஏறத்தாழ 90,700 ரூபாய். உங்களிடம் இருப்பது 11 பசுக்கள். ஒன்றுகூடத் தப்பாமல் எல்லாம் சினையானாலும் ஒரு சினைக்கு 8,240 ரூபாய் விழுகிறது. ஒன்பதுதான் நின்றது என்றால் 10,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

இப்போது ஊசிக் கணக்கு. நான்கு ஊசி 1,600 ரூபாய். அதோடு முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு முறை தப்பும்போதும் மாடு அடுத்த சினைப் பருவத்துக்கு வர 21 நாள் ஆகிறது. மூன்று முறை தப்பினால் 63 நாள். வெறுமனே நிற்கும் மாட்டின் தீனிக்கு நாளுக்கு 120 ரூபாய் என்றாலும் 7,560. ஆக ஒரு சினைக்கு 9,160 ரூபாய். காளைக் கணக்கும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே உங்கள் வெறுப்பில் நியாயம் இருக்கிறது. சிக்கனம் என்று நினைத்துப் போட்ட ஊசி, காளையளவு செலவு வைத்திருக்கிறது.

ஆனால் அந்த 9,160 ரூபாயில் ஊசியின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். 1,600தான். மீதி முழுவதும் வீணாய்ப் போன நாட்களின் விலை. நல்ல பராமரிப்பிலும் ஓர் ஊசிக்குச் சினை பிடிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். ஆகவே மாட்டுக்கு இரண்டு ஊசி என்பது நியாயமான இலக்கு. நான்கு இரண்டாகக் குறைந்தால் ஒரு சினைக்குச் செலவு 3,320 ரூபாய். பதினொரு மாட்டுக்கும் சேர்த்து ஆண்டில் 64,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். காளை வாங்கி இந்தப் பணத்தை மிச்சப்படுத்த முடியாது. கருப்பையில் புண்ணோ தாது உப்புக் குறைவோ உள்ள பசு, ஊசிக்கு நிற்காதது போலவே காளைக்கும் நிற்காது.

அப்படியானால் கோளாறு எங்கே? பெரும்பாலும் நேரத்தில். நம் பக்கத்துக் கலப்பின மாடுகளில் பருவ அறிகுறி பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம் தெரியும். கத்திரி வெயிலில் அதுவும் மங்கிப்போய் இரவில் வந்து விடியற்காலைக்குள் அடங்கிவிடும். காலை ஏழு மணிக்குப் பால் கறக்க வரும்போது மாடு சாதுவாக நிற்கும். இரவு பத்து மணிக்கு ஒரு முறை, விடியுமுன் ஒரு முறை, கையில் டார்ச் விளக்கோடு மாட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். படுத்திருக்கும் மாட்டின் பிறப்புறுப்புக்குக் கீழே, தரையைத் தொடும்படி கண்ணாடி போன்ற கோழை நீண்டு தொங்கும். முட்டையின் வெள்ளைக்கருவை விரலால் தூக்கினால் எப்படி அறாமல் இழுபடுமோ, அப்படி இழுபட வேண்டும். தெளிவாக இருந்தால் நல்ல பருவம். அதில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ துகள் மிதந்தால் கருப்பையில் சீழ் இருக்கிறது; அன்று ஊசி போடுவது பணத்தைக் கரைப்பது. முதலில் மருத்துவம் செய்து, அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

காலையில் பருவம் கண்டால் அன்று மாலை ஊசி. மாலையில் கண்டால் மறுநாள் காலை. இது பழைய விதி, இன்றும் பிழையற்றது. வாலிலோ தொடையிலோ இரத்தக் கசிவு பார்த்தால் பருவம் வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது என்று பொருள். உடனே ஊசிக்காரரைக் கூப்பிடாதீர்கள். அந்தத் தேதியைச் சுவரில் எழுதிவைத்து, பதினேழாம் நாளிலிருந்து கண்காணியுங்கள்.

தீவனத்தையும் பார்க்க வேண்டும். நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் தோகையே தீவனம் என்று ஆகிவிடுகிறது. வயிறு நிறையும், ஆனால் தோகையிலும் வைக்கோலிலும் புரதமும் பாஸ்பரசும் குறைவு. நாளுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும், கையளவு நிலத்திலாவது கம்பு நேப்பியர் புல்லோடு வேலிமசாலோ அகத்தியோ பயிரிட்டுக் கொடுப்பதும், காளை வாங்கும் செலவில் சிறு பங்குகூட ஆகாது. இவ்வளவும் செய்து, மூன்று ஊசிக்குப் பிறகும் நிற்காத மாட்டை மருத்துவரிடம் காட்டிக் கருப்பையைச் சோதியுங்கள். ஊசி போட்ட மாடு மீண்டும் கத்தவில்லை என்பதற்காகச் சினை என்று எண்ணி ஆறு மாதம் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் மாத முடிவிலிருந்து மூன்றாம் மாதத்துக்குள் மருத்துவர் ஆசனவாய் வழியாகக் கையை விட்டுச் சோதித்தால் தெரிந்துவிடும்.

ஊசிக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. ஊசிக்கான விந்தை உறையவைத்து அடைத்த உறைவிந்துக் குச்சியின் மேல் காளையின் எண்ணும் இனமும் அச்சிட்டிருக்கும். அலமாதி போன்ற உறைவிந்து நிலையங்களில் தாயின் பால் அளவு பதிவான காளைகளை, நோய்ச் சோதனை செய்த பிறகே வைத்திருப்பார்கள். உங்கள் 72,000 ரூபாய்க் காளையின் தாய் எத்தனை லிட்டர் கறந்தது என்று கேட்டீர்களா? வாய்ச்சொல்லாக வரும் எண்ணைப் பதிவு என்று நம்ப முடியாது. அந்தக் காளை பார்க்க எவ்வளவு எடுப்பாக இருந்தாலும், அதன் உடம்பைப் பார்த்து மகளின் மடியைச் சொல்ல யாராலும் இயலாது. குச்சியில் உள்ள எண்ணை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அந்த மாட்டின் கிடேரிக்கு நாளை அதே எண் போகாமல் தடுக்கலாம்.

அடுத்து, 500 ரூபாய்த் திட்டம். இதைக் கைவிடும்படி மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஊர்மாடுகளுக்கு விடும் காளை, ஊரில் உள்ள கருச்சிதைவு நோய்களையெல்லாம் உங்கள் கொட்டகைக்குக் கொண்டுவரும். விப்ரியோசிஸ், டிரைக்கோமோனியாசிஸ் இரண்டும் சேர்க்கையில் பரவுபவை. காளையின் மேல் ஓர் அறிகுறியும் தெரியாது. மாடுகள் மட்டும் மாறி மாறிப் பருவத்துக்கு வந்துகொண்டே இருக்கும். புருசெல்லோசிஸ் இன்னும் பொல்லாதது. சினையின் பின்பாதியில் கன்று விழும். விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுக்கிற மனிதருக்கு மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். உங்கள் கிடேரிகளுக்குப் போட்டாயிற்றா என்று பாருங்கள். காளைக் கன்றுகளுக்கு அந்த ஊசி கிடையாது. மேலும், இனவிருத்திக்குக் காளை வைத்திருப்பதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2019-இலேயே சட்டம் வந்திருக்கிறது. எந்தக் காளை வாங்கினாலும் உங்கள் பகுதி உதவி மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கில் எழுத முடியாத ஒன்றும் உண்டு. வீட்டு மாடுகளுக்குத் தீனி வைப்பது உங்கள் அம்மாதான் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஜெர்சிக் காளை குட்டியாக இருக்கும்போது நாய்க்குட்டி போல் பின்னால் வரும். மூன்று வயதானதும் ஒரு நாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், தினமும் தவிடு வைத்த கையையே சுவரோடு வைத்து முட்டும். நான் வேலை பார்த்த ஊர் ஒன்றில் அப்படி விலா எலும்பு நொறுங்கிய ஒரு பெரியவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அவர் வளர்த்த காளைதான் அது. 11 பசுக்களுக்காக அந்த அபாயத்தை அம்மா நடமாடும் கொட்டகையில் கொண்டுவந்து கட்டாதீர்கள். முன்பணம் 5,000 திரும்பக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் விட்டுவிடுங்கள், அந்த 5,000-ஐக் காப்பாற்ற ஆண்டுக்கு 90,000 கொடுக்கக் கூடாது.

கிடைக்கு வருவோம். இங்கே எல்லாமே தலைகீழாகிறது. காளை மந்தையோடு மேய்கிறது. கட்டுத்தறிச் செலவு இல்லை. மாலையில் ஒரு கிலோ தவிடு, தாது உப்பு, கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு என்று நாளுக்கு 40 ரூபாய். ஆண்டுக்கு 14,600. உம்பளாச்சேரிக் காளையை 45,000-க்கு வாங்கி மூன்று ஆண்டு கழித்து 30,000-க்கு விற்றால் ஆண்டுக்கு இழப்பு 5,000. வட்டி 5,400. மற்றவை 3,000. மொத்தம் 28,000. 38 பசுக்களில் ஆண்டுக்கு 26 கன்று கிடைத்தாலும் ஒரு கன்றுக்கு 1,077 ரூபாய்தான். வயலுக்கு வயல் நகரும் கிடையில் பருவம் பார்த்து, ஊசிக்காரரை அழைத்து, நாட்டு மாட்டைக் கட்டிப் பிடிப்பது நடக்கிற காரியமும் இல்லை. காளைக்கு உரிய இடம் இதுதான்.

28,000-க்கும் 45,000-க்கும் இடையே வேறுபாடு 17,000. மூன்று ஆண்டில் 78 கன்றுகள். பிரித்தால் ஒரு கன்றுக்கு 218 ரூபாய். நல்ல தகப்பனுக்குப் பிறந்த ஒரு கிடேரி, சந்தையில் சாதாரணக் கிடேரியைவிட 218 ரூபாய் கூடுதலாகப் போகாதா? நீங்களே மாடு விற்பவர், உங்களுக்குத் தெரியும். ஒரு பசு தன் ஆயுளில் ஆறேழு கன்று ஈனும். காளை ஒரே ஆண்டில் 26 கன்றுகளுக்குத் தன் பாதியைக் கொடுத்துவிடுகிறது. மந்தையை மாற்ற வேண்டுமென்றால் முப்பத்தெட்டுப் பசுக்களை மாற்ற முடியாது, ஒரு காளையை மாற்றலாம்.

உங்கள் அண்ணன் சொல்லும் மூன்று காளைகளைப் பற்றி. அவை இலவசம் அல்ல. அந்தக் கிடையிலேயே பிறந்தவை என்றால் அவை ஏறுவது தாய் மேலும் தங்கை மேலும்தான். கன்றுகள் இளைத்துப் பிறப்பதற்கும், பிறந்த வாரத்திலேயே சில சாவதற்கும், பசுக்கள் காலம் தள்ளிச் சினையாவதற்கும் இந்த நெருங்கிய உறவுச் சேர்க்கை முதல் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். குடற்புழு, தீவனக் குறைவு எல்லாம் அதற்கு அடுத்துத்தான். மூன்று காளைகள் இருப்பதால் இன்னொரு கேடும் உண்டு: ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, வலுத்தது மட்டும் ஏறும், அது மலடாக இருந்தால் மந்தை முழுவதும் வெறுமையாகும். மூன்றையும் காயடித்துவிடுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். காயடித்த பிறகும் ஒரு மாதமாவது பிரித்துக் கட்டுங்கள். உள்ளே தங்கிய விந்து சில வாரம் உயிரோடு இருக்கும்.

இனி 45,000 ரூபாய்க் காளையைச் சோதிப்பது. விலை அதிகம் என்பதனாலேயே காளை நல்லது ஆகிவிடாது. பல ஆண்டுகளுக்கு முன் கடலூருக்கு மேற்கே ஒரு கிடைக்காரர், திமிலும் நெற்றியும் பார்த்து, சுழி பார்த்து, பெரிய விலைக்கு ஒரு காளை வாங்கினார். எட்டு மாதம் கழித்து என்னை அழைத்தார். மந்தையில் ஒன்றுகூடச் சினை இல்லை. விடியற்காலையில் வரப்பில் உட்கார்ந்து நானும் அவரும் பார்த்தோம். ஒரு பசு பருவத்தில் இருந்தது. காளை முகர்ந்தது, உதட்டைச் சுருட்டியது, ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. ஆறு முறை. பிடித்துக் கட்டிப் பார்த்தால், உறைத்தோலின் வாய் பழைய புண்ணால் சுருங்கிப்போய், குறி வெளியே வரவே வழியில்லை. அந்த மனிதர் எட்டு மாதமும் காளை ஏறுவதைப் பார்த்து மகிழ்ந்திருந்தார். திமில் உயரத்தை முழம் போட்டு அளந்தவர், ஒரு முறைகூட அருகில் போய் அதைப் பார்க்கவில்லை.

ஆகவே பருவத்தில் உள்ள ஒரு பசுவிடம் காளையை விடச் சொல்லி, உள்ளே செலுத்தி உந்துகிறதா என்பதைக் கண்ணால் பாருங்கள். பிறகு பின்னங்கால்கள். ஏறும்போது உடம்பின் பாரம் முழுவதும் அவற்றின் மேல்தான். முழங்கால் மூட்டில் வீக்கம், குளம்பில் வெடிப்பு, நடையில் நொண்டல் இருந்தால் விட்டுவிடுங்கள். பல் பாருங்கள்: நாலு பல் போட்ட காளையாக இருந்தால் மூன்று வயதை ஒட்டியது, மூன்று ஆண்டு உழைக்கும். முதல் ஆண்டில் அதனிடம் மிகுதியாக எதிர்பார்க்காதீர்கள், முதிர்ந்த பிறகு நாற்பது பசுக்களையும் தாங்கும்.

விதைப்பையை அளக்க, தையல்காரர் நாடா போதும். இரண்டு விதைகளையும் மெல்லக் கீழே இறக்கிப் பிடித்து, அகன்ற இடத்தில் சுற்றளவு எடுங்கள். அயல்நாட்டு இனங்களில் இரண்டு வயது கடந்த காளைக்கு 34 சென்டிமீட்டர் என்பது அளவு. நம் நாட்டு இனங்கள் அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும், ஆகவே அதே வயதுள்ள மற்ற காளைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் சமமாக, பைக்குள் தடையின்றி நகர்ந்து, அழுத்தினால் இறுகி மீள வேண்டும். ஒன்று சிறுத்தோ, களிமண் போல் அமுங்கியோ இருந்தால் வேண்டாம். விதைப்பை பெரிதாக உள்ள காளையின் மகள்கள் முன்கூட்டியே பருவத்துக்கு வருவார்கள் என்பதும் சோதித்து அறிந்த உண்மை. ஆகவே இந்த ஒரு அளவு, காளையைப் பற்றியும் பிறக்கப்போகும் கிடேரிகளைப் பற்றியும் சேர்த்துச் சொல்கிறது.

விந்துப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்யாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் புதுச்சேரி அருகில்தான். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். அண்மையில் காய்ச்சலோ தோல் கழலை நோயோ வந்த காளையா என்று விசாரியுங்கள். விந்து உருவாக ஏறத்தாழ இரண்டு மாதம் ஆவதால், இன்று வந்த காய்ச்சல் இரண்டு மாதம் வரை காளையை மலடாக்கி வைக்கும். ஒரு முறை விந்து மோசமாக இருந்தால், அறுபது நாள் கழித்து இன்னொரு முறை பார்த்து முடிவு செய்யலாம். வாங்கி வந்ததும் ஒரு மாதம் தனியே கட்டிப் பிறகு மந்தையில் விடுங்கள்.

மூன்று ஆண்டு என்று நான் கணக்குப் போட்டதற்கும் காரணம் இருக்கிறது. இப்போது காளையை விட்டால் முதல் கன்று பத்தாம் மாதத்தில் பிறக்கும். நாட்டுக் கிடேரி பருவத்துக்கு வர இரண்டரை ஆண்டாவது ஆகும். மூன்றேகால் ஆண்டுக்குள் தகப்பன் மந்தையை விட்டுப் போயிருந்தால் மகள்மேல் ஏற வாய்ப்பில்லை. அப்போது அதை வேறு கிடைக்காரரிடம் விற்றோ மாற்றிக்கொண்டோ புதிய காளை கொண்டுவாருங்கள்.

சந்தைக் காளையை நான் முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. அது இதே சோதனைகளில் தேறினால் அதுவும் காளைதான். ஆனால் சந்தையில் அவிழ்த்துவிட்டுப் பார்க்க முடியாது, தாயைப் பார்க்க முடியாது, எந்த மந்தையிலிருந்து ஏன் வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திருத்துறைப்பூண்டிக் காளையின் தாயும் உடன்பிறப்புகளும் அந்தக் கொட்டகையிலேயே நிற்கும். அந்த 17,000-இல் ஒரு பங்கு அதைப் பார்க்கிற வாய்ப்புக்கான விலை. உம்பளாச்சேரி டெல்டாச் சேற்றுக்கென்றே உருவான இனம். காட்டுமன்னார்கோயில் வயலில் உங்கள் கிடைக்கு அது அந்நியம் அல்ல.

பேரம் பேசுமுன் திருத்துறைப்பூண்டி அருகே கொருக்கையில் உள்ள அரசு கால்நடைப் பண்ணைக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். உம்பளாச்சேரி இனத்துக்கென்றே உள்ள பண்ணை அது. சிவப்பாகப் பிறந்து சில மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் கன்றுகளையும், நெற்றியிலும் காலிலும் வெள்ளை விழுந்த பசுக்களையும், வளர்ந்த காளைகளையும் ஒரே இடத்தில் பார்த்தால், உங்களிடம் விலை சொன்ன காளை அந்த இனத்தில் எந்தத் தரம் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அண்ணனையும் கட்டாயம் உடன் அழைத்துப் போங்கள். உங்கள் கிடையில் கடைசியாகப் பிறந்த கன்றைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய், அங்கே அதே வயதில் நிற்கும் கன்றின் பக்கத்தில் வைத்து அவருக்குக் காட்டுங்கள்.